பம்பாய் ஆலைப் பகுதியில் கானாவள்களும் கடைத்தெரு வாழ்வும்: கணக்கில் வராத தொழில்களின் வரலாறு

இந்தியத் தொழிலாளர் வரலாற்றைப் பயில்வோர் எவரும் பம்பாய் நகரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854ஆம் ஆண்டில் நிறுவிய நூற்பாலை, 1856இல் தார்தேவ் பகுதியில் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் 1982ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் வரையிலான காலத்தைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றில் ஆலைகளின் வளர்ச்சியும் வீழ்ச்சியும் உண்டு. முதலாளிகள், சங்கத் தலைவர்கள், சட்டங்கள், துப்பாக்கிச் சூடுகள் அனைத்தும் உண்டு. ஆனால், பத்து மணி நேரம் தறியின் முன் நின்ற தொழிலாளி அன்றிரவு எங்கே உண்டார், அதைச் சமைத்தவர் யார், அதற்குரிய பணம் எப்போது கைமாறியது என்னும் வினாக்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளிலேயே தங்கிவிட்டன. இக்கட்டுரை அவ்வினாக்களைக் கட்டுரையின் உடலுக்குள் கொண்டுவர முற்படுகிறது.

தமிழ் ஆய்வுலகில் பம்பாய் என்றவுடன் தாராவியும் மாட்டுங்காவும் நினைவுக்கு வருவது இயல்பே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டோரின் வரலாறு நமக்கு நெருக்கமானது. அவ்விடங்களிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, பரேல், லால்பாக், வொர்லி, நைகாவ், பைகுலா ஆகிய வட்டாரங்களை உள்ளடக்கிய ஆலைப் பகுதி தமிழில் மிகக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அப்பகுதியை அங்குள்ளோர் 'கிரண்காவ்' என்பர். 'கிர்ணி' என்றால் ஆலை. 'காவ்' என்றால் ஊர். ஆலையூர் என்று தமிழில் சொன்னால் பொருந்தும். நகரத்தின் நடுவிலே இருந்த ஒரு பகுதியை மக்கள் ஏன் 'ஊர்' என்றே அழைத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஊரும் அறையும்

பம்பாய் ஆலைகளின் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியூரார். கொங்கணக் கடற்கரையின் ரத்னகிரி மாவட்டமும், மலைத்தொடருக்கு அப்பாலுள்ள சத்தாரா, கோலாப்பூர் வட்டாரங்களும் அவர்களின் தாயகம். வடக்கிலிருந்து வந்தோரும் உளர். 1921ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி நகர மக்களில் நூற்றுக்கு 84 பேர் நகருக்கு வெளியே பிறந்தவர்கள். ஆண்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதியளவே பெண்கள் இருந்தனர். இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கினால் ஆலைத் தெருவின் முதன்மையான சிக்கல் புலப்படும். குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுத் தனியராய் வந்த பல்லாயிரம் ஆண்களுக்கு உறங்க இடமும் உண்ண உணவும் வேண்டியிருந்தன. ஆலை நிருவாகங்கள் இவ்விரண்டில் எதையும் போதிய அளவில் தரவில்லை.

உறங்கும் இடம் 'சால்' எனப்பட்ட குடியிருப்பு. நம் தோட்டப்புறத்து லயத்து வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்குகளாக நிறுத்தியது போன்றது எனலாம். ஒரே நடைவழி, அதன் ஓரமாக ஒற்றை அறைகள், தளத்துக்குப் பொதுவான குழாயும் கழிப்பிடமும். 1920களில் அரசின் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நைகாவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்களை இவ்வாறு எழுப்பியது. கட்டடத்துக்கு 80 அறைகள்; அறையின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர அடி. தனியார் கட்டிய சால்களோ இவற்றினும் நெருக்கமானவை. ஒரே ஊரைச் சேர்ந்த ஆண்கள் கூட்டாக ஓர் அறையை வாடகைக்கு எடுப்பர். இருபது முப்பது பேரின் தகரப் பெட்டிகள் அங்கு இருக்கும். பகல் வேலைக்குச் சென்றவரின் பாயில் இரவு வேலை முடித்தவர் படுப்பார். இத்தகைய ஊர் அறைகளில் பெட்டி வைக்க இடமிருந்தது. அடுப்பு வைக்க இடமில்லை.

கானாவள்

இந்த வெற்றிடத்தில்தான் 'கானாவள்' தோன்றியது. தமிழ்நாட்டு வழக்கில் 'மெஸ்' என்று சொல்லப்படுவதற்கு இது நிகரானது. கடையாக நடந்த கானாவள்களும் இருந்தன. ஆயினும் நாம் இங்குக் கருத்தில் கொள்வது சாலின் ஓர் அறையில், தன் குடும்பம் வாழும் அதே இடத்தில், ஒரு பெண் நடத்திய கானாவளையே. அவள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவியாகவோ கைம்பெண்ணாகவோ இருந்தாள். பத்துப் பேர் முதல் நாற்பது பேர் வரை அவளிடம் உணவுக்கு அமர்ந்தனர். நாளுக்கு இரு வேளை; சோள ரொட்டியோ சப்பாத்தியோ, சோறு, பருப்பு, ஒரு காய்; குறித்த நாள்களில் மீனோ இறைச்சியோ. மாதத்துக்கு ஒரு தொகை பேசி முடிக்கப்பட்டது.

அறை சிறிதாகையால் உண்போர் பந்தி பந்தியாக அமர வேண்டியிருந்தது. ஆலைச் சங்கின் ஒலியே பந்தியின் நேரத்தை வகுத்தது. முறைவேலைகள் பெருகியபின், முதல் முறைக்குச் செல்வோருக்கு விடியுமுன்னும் இறுதி முறை முடித்து வருவோருக்கு நள்ளிரவிலும் உணவு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆலைத் தொழிலாளியின் வேலைநேரத்துக்குச் சட்டம் எல்லை வகுத்தது. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை வாரத்துக்கு 54 மணி நேரம் எனக் குறைத்தது. அத்தொழிலாளிக்குச் சமைத்த பெண்ணின் நேரத்துக்கு எல்லை வகுத்த சட்டம் எதுவுமில்லை. முறைவேலைகள் கூடக்கூட அவளுடைய நாள் நீண்டது என்பதே உண்மை.

பெண்கள் ஏன் இத்தொழிலுக்கு வந்தனர் என்னும் வினாவுக்கு விடை ஆலைக்குள்ளேயே இருக்கிறது. 1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். நூல் சுற்றும் பிரிவுகளே அவர்களுக்குரியனவாக இருந்தன. 1929ஆம் ஆண்டின் பம்பாய் மகப்பேற்று உதவிச் சட்டம் செலவை முதலாளியின் மீது ஏற்றியது. அதே காலத்தில் ஆட்குறைப்பும் புதிய பொறிகளும் வந்தன. பின்வந்த பத்தாண்டுகளில் பெண்களின் பங்கு படிப்படியாகத் தேய்ந்து மிகச் சிறிய அளவாயிற்று. ஆலையின் வருகைப் பதிவேட்டிலிருந்து விடுபட்ட பெண்களில் ஒரு பகுதியினர் கானாவள் அடுப்பின் முன் அமர்ந்தனர் எனக் கருத இடமுண்டு. பதிவேட்டை மட்டும் நோக்கும் ஆய்வாளர், பெண்கள் வேலையை விட்டு விலகினர் என எழுதுவார். வேலை அவர்களை விட்டு விலகவில்லை. அது பதிவேட்டுக்கு வெளியே சென்றது.

கானாவளை ஓர் இனிய குடும்பச் சூழலாக மட்டும் வருணிப்பது வரலாறாகாது. ஊரும் சாதியுமே பெரும்பாலும் யார் எங்கே உண்பது என்பதை முடிவு செய்தன. ஆலைக்குள்ளும் அவ்வாறே. நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், அதிக ஊதியம் தரும் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களைச் சேர்க்கச் சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். அம்பேத்கர் 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் காலத்தில் இதனைச் சங்கத் தலைவர்களின் முன் வைத்து வாதிட்டமை நன்கு அறியப்பட்டதே. நெசவுக்கூடத்தின் பிரிவினையும் உணவுப் பந்தியின் பிரிவினையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஊர் உறவின் பெயரால் கிடைத்த உணவு, ஊரின் வேலிகளையும் உடன் கொண்டுவந்தது.

கடன் என்னும் கட்டமைப்பு

நம் கருத்தில், கானாவளின் சிறப்பு அதன் உணவைக் காட்டிலும் அது தந்த தவணையில்தான் இருக்கிறது. இதனை உணர ஆலைகளின் ஊதிய முறையை அறிதல் வேண்டும். பம்பாய் ஆலைகள் மாத ஊதியத்தை அம்மாத இறுதியில் தரவில்லை. மறுமாதத்தின் நடுப்பகுதியில்தான் தந்தன. ஆகவே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தம் முதல் ஊதியத்தைக் காண ஏறத்தாழ ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் பணியாற்றும் ஆலைகளில் பத்தாம் நாளுக்குள் ஊதியம் தரப்படல் வேண்டும் என விதித்த பின்னரும் காத்திருப்பு முற்றிலும் நீங்கவில்லை.

இதனுடன் 'பத்லி' முறையையும் சேர்த்து எண்ண வேண்டும். பத்லி என்பார் நிலையான வேலையில்லாதவர். காலையில் ஆலை வாயிலில் நின்று, வராத ஒருவரின் இடத்தில் அன்றைக்கு மட்டும் அமர்த்தப்படுபவர். மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பது அவருக்கே தெரியாது. அமர்த்துபவர் 'ஜாபர்', நம் தோட்ட வரலாற்றின் கங்காணியை ஒத்தவர். சில ஜாபர்கள் அறை வாடகை, கானாவள், வட்டிக்கடன் ஆகியவற்றிலும் கை வைத்திருந்தனர். வேலை தருபவரும் சோறு தருபவரும் ஒருவரே என்னும் நிலையில் தொழிலாளியின் கட்டு எத்துணை இறுகியிருக்கும் என்பதை நம் நாட்டுத் தோட்ட வரலாற்றை அறிந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு ஆறு வாரம் காத்திருந்தவரும் பாதி மாதமே வேலை கிடைத்தவரும் அந்நாள்களில் உண்டது யாருடைய முதலில்? கானாவள் நடத்திய பெண்ணின் முதலில். அவளோ அரிசி, பருப்பு, எண்ணெயை மளிகைக்காரரிடம் கடனாகப் பெற்றாள். மராத்தியில் மளிகைக்காரரை 'வாணி' என்பர். நம் 'வாணிகம்' என்னும் சொல்லின் உறவைத் தமிழாசிரியர்கள் உடனே கண்டுகொள்வர். குஜராத்திகளும் மார்வாடிகளும் இக்கடைகளை நடத்தினர். வாணி மொத்த வணிகரிடம் கடன்பட்டிருந்தார். ஆக, ஆலை முதலாளி ஊதியத்தைத் தாழ்த்தித் தந்ததால் அவருக்குக் கிடைத்த நடைமுறை முதலின் ஒரு பகுதியைச் சாலின் அறையில் இருந்த பெண்ணும் தெருமுனை மளிகைக்காரரும் வட்டியின்றியோ வட்டியுடனோ சுமந்தனர். எந்த ஆலையின் ஐந்தொகையிலும் இது பதியப்படவில்லை.

இக்கடன் சங்கிலியைத் தொழிலாளர் அரசியலோடு முதன்முதலில் முறையாகப் பொருத்திக் காட்டியவர் வரலாற்றறிஞர் ராஜ்நாராயண் சந்தாவர்க்கர். ஆலைக்குள் மட்டும் தொழிலாளி உருவாகவில்லை. அக்கம்பக்கத்திலும் உருவானார் என்பது 1981இல் வெளிவந்த அவரது கட்டுரையின் சாரம். 1994இல் வெளிவந்த பெருநூலில் இதனை விரித்துரைத்தார். 1928ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் ஆறு மாத காலம் வேலைக்குச் செல்லவில்லை. சங்கத்தின் நிதி அத்தனை பேருக்குச் சில நாள்கள்கூடப் போதாது. ஊருக்குத் திரும்பியோர் ஒருபுறமிருக்க, நகரில் நின்றோரைத் தாங்கியவை மளிகைக் கடையின் கணக்கும் வாடகையைத் தள்ளி வைத்த வீட்டுக்காரரின் பொறுமையும் கானாவளின் அடுப்புமே. மளிகைக்காரர் ஈகையினால் கடன் தந்தார் எனக் கொள்வதற்கில்லை. பழைய கடன் திரும்ப வேண்டுமாயின் கடனாளி நகரிலேயே இருத்தல் வேண்டும். கடையின் வாடிக்கையும் குலையாதிருத்தல் வேண்டும். எனினும், கடையடைப்பும் கதவடைப்பும் எத்தனை நாள் நீளலாம் என்பதைச் சங்க அலுவலகத்தோடு வாணியின் பேரேடும் சேர்ந்தே முடிவு செய்தது.

கந்துவட்டி தந்த பட்டாணியர்கள் இச்சங்கிலியின் மற்றொரு முனை. 1929 பிப்ரவரியில் மூண்ட கலவரத்தில் அவர்கள் தாக்கப்பட்டதற்குக் குழந்தை கடத்தல் வதந்தியும் வேலைநிறுத்தத்தை முறித்தமை பற்றிய சினமும் காரணமாகக் கூறப்படுவதுண்டு. கடன் சுமையும் அதனடியில் இருந்திருத்தல் கூடும்.

தெருமுனை

அறைகள் சிறியனவாக இருந்தமையால் வாழ்வு தெருவில் நடந்தது. 'நாக்கா' எனப்படும் தெருச்சந்திப்பே செய்தி பரவும் இடம். ஆள் திரட்டும் இடமும் அதுவே. ஈரானியர் நடத்திய தேநீர்க் கடைகள், வெற்றிலைக் கடைகள், முடிதிருத்தும் கடைகள், மற்பயிற்சிக் கூடங்கள் ஆகியன அச்சந்திப்புகளைச் சூழ்ந்து நின்றன. மற்பயிற்சிக் கூடத்தில் அனுமன் படமும் இருந்தது. தெருவின் 'தாதா'வும் அங்கிருந்தே எழுந்தார். அவர் சில வேளைகளில் வேலைநிறுத்தத்தைக் காத்தார். சில வேளைகளில் உடைத்தார்.

விழாக்களும் இத்தெருவுக்கே உரியவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகரம் ஊர்வலங்களில் தெருவுக்கொரு குழுவாகப் பல சமயத்தாரும் கலந்துகொண்டனர். காவல் ஆணையர் எட்வர்ட்ஸ் 1912இல் விதித்த கட்டுப்பாடுகள் அவற்றை ஒடுக்கின. விநாயகர் விழா அவ்விடத்தை மெல்ல நிரப்பியது. இன்று உலகறிந்த 'லால்பாக்சா ராஜா' விழாவின் தோற்றம் நம் பொருளோடு நேரடித் தொடர்புடையது. 1932இல் பேரு சாலில் இருந்த சந்தை மூடப்பட்டது. திறந்த வெளியில் அமர்ந்து விற்க நேர்ந்த கோலி மீனவப் பெண்களும் சிறு வணிகர்களும் நிலையான சந்தை கிடைக்க வேண்டுமென நேர்ந்துகொண்டனர் என்றும், இடம் கிடைத்தபின் 1934இல் விநாயகரை நிறுவினர் என்றும் அவ்வட்டார மரபு கூறுகிறது. பிற்காலத்தில் இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் கூட்டத்தையும் காணிக்கையையும் பற்றியே எழுதுகின்றனர். கூடையுடன் தெருவில் நின்ற மீன்காரியின் இடச்சிக்கலே அதன் வித்து என்பதை நாம் இங்குக் குறித்து வைப்போம்.

கலையும் இங்கிருந்தே எழுந்தது. அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோர் 1944இல் தொடங்கிய 'லால் பாவ்டா' கலைக்குழு, தமாஷா என்னும் நாட்டுப்புற நிகழ்கலையின் வடிவத்தை எடுத்துத் தொழிலாளர் வாழ்வைப் பாடியது. சாத்தே தாமே ஆலையில் வேலை செய்தவர். இக்குழுவினரின் மேடை பெரும்பாலும் சால்களுக்கு இடைப்பட்ட வெளியே. 1950களின் ஐக்கிய மகாராட்டிர இயக்கத்தில் இப்பாடகர்களின் பங்கு தனிக்கட்டுரைக்கு உரியது.

பெயர் பெற்றதும் பெறாததும்

இவ்விடத்தில் ஒன்றைச் சுட்டுதல் தகும். பம்பாயின் உணவுத் தொழில்களில் 'டப்பாவாலா'க்கள் உலகப் புகழ் பெற்றுள்ளனர். 1890ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகக் கூறப்படும் அவர்களது அமைப்பை மேலாண்மைக் கல்லூரிகள் பாடமாக்கின. 2003இல் இந்தியா வந்த அன்றைய இளவரசர் சார்லஸ் அவர்களைச் சந்தித்தார். அப்பெருமை அவர்களுக்கு உரியதே. ஆனால், சோற்றைச் சுமந்து செல்வது தொழிலாகக் கணிக்கப்பட்ட அதே நகரில், நாற்பது பேருக்குச் சோறாக்குவது வீட்டு வேலையாகக் கணிக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வந்தபோது அப்பெண் பெரும்பாலும் பிறரைச் சார்ந்து வாழ்பவள் என்ற நிரலில்தான் எழுதப்பட்டிருப்பாள்.

இக்கணிப்பை மாற்ற முயன்ற ஒரு நிகழ்வு 1975இல் நடந்தது. கோவா விடுதலைப் போராட்டத்தில் பங்குகொண்டவரும் இடதுசாரித் தொழிற்சங்கப் பணியாளருமான பிரேமா புராவ், கானாவள் நடத்திய 14 பெண்களைக் கொண்டு 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதற்குச் சிறிது காலம் முன்பு நடந்த 42 நாள் ஆலை வேலைநிறுத்தத்தின்போது இப்பெண்கள் நகைகளையும் பாத்திரங்களையும் அடகு வைத்துத் தொழிலாளர்களுக்கு உணவளித்ததை அவர் கண்டிருந்தார். 1969இல் நாட்டுடைமையான வங்கிகள் சிறுதொழிலுக்குக் கடன் தரக் கடமைப்பட்டிருந்தன. கானாவள் ஒரு சிறுதொழிலே என வங்கியை ஏற்கச் செய்ததில்தான் அம்மண்டலின் வெற்றி அடங்கியிருந்தது. கந்துவட்டியிலிருந்து வங்கி வட்டிக்கு மாறியதால் அப்பெண்களின் கையில் எஞ்சியது பணம் மட்டுமன்று. முதன்முறையாக அவர்களின் பெயரில் ஒரு கணக்கு எழுதப்பட்டது. நம் போன்ற ஆய்வாளர்களுக்கு அவர்கள் கண்ணில் படுவதே அந்தக் கணக்கினால்தான்.

1982க்குப் பின்

1982 சனவரி 18ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1928ஐப் போல் இது முடியவில்லை. ஓராண்டைத் தாண்டியும் நீண்டது. முறைப்படி எவரும் அதை முடித்துவைக்கவே இல்லை. கிராமங்களுக்குச் சென்றோரில் பலர் திரும்பவில்லை. கானாவளில் உண்டோர் குறைந்தனர். உண்டவர்களின் நிலுவை நின்றது. மளிகைக்காரரிடம் அப்பெண் பட்ட கடன் அவள் பெயரிலேயே இருந்தது. நீரா ஆடார்க்கரும் மீனா மேனனும் 2004இல் வெளியிட்ட ஆலைத் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு, வேலைநிறுத்தத்தின் சுமை எவ்வாறு வீட்டுக்குள் இறங்கியது என்பதை உணர விரும்புவோர் தவறாது பயில வேண்டிய நூலாகும். நம் மாணவர்களுக்கு வாய்மொழி வரலாற்று முறையைக் கற்பிக்கவும் அது சிறந்த மாதிரி.

அடுத்து நிலம் கைமாறியது. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் ஆலை நிலங்களை விற்க வழி திறந்தன. 2001இல் செய்யப்பட்ட திருத்தமும் 2006இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவ்வழியை அகலப்படுத்தின. பரேல் பகுதியின் ஃபீனிக்ஸ் ஆலை பெரும் அங்காடி வளாகமாயிற்று. ஆலை வாயில்களை நம்பியிருந்த தெருக்கடைகளில் சில வேறு வாடிக்கையைத் தேடிக்கொண்டன. லால்பாகின் மசாலாத் தெரு இன்றும் இயங்குகிறது. மழைக்காலத்துக்கு முன், மிளகாயையும் பிற பொருள்களையும் வாங்கி, வறுத்து, அங்குள்ள இடிக்கும் பொறிகளில் ஆண்டுக்குத் தேவையான பொடியை இடித்துச் செல்லும் வழக்கம் நின்றபாடில்லை. கானாவளுக்கு அத்தகைய மறுவாழ்வு அரிதாகவே வாய்த்தது. அதன் வாடிக்கையாளரே மறைந்துவிட்டார்.

ஆலைகள் மூடப்பட்டதற்கு ஈடாகத் தொழிலாளர்களுக்கு வீடு ஒதுக்கும் திட்டம் வந்தது. 1982 சனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ ஆலையில் பணியிலிருந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் அதற்குரியோர். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் விண்ணப்பித்தனர்; முதல் குலுக்கல் 2012இல் நடைபெற்றது. விண்ணப்பத்துடன் ஆலையின் அடையாள அட்டை, ஊதியச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு போன்ற சான்றுகள் கேட்கப்பட்டன. முப்பது ஆண்டுகள் முப்பது தொழிலாளர்களுக்குச் சமைத்த பெண்ணிடம் இவற்றுள் எதுவும் இல்லை. கணவனோ மகனோ ஆலையில் இருந்திருந்தால் அவள் வாரிசாக அத்திட்டத்துக்குள் வரலாம். தன் தொழிலின் பேரால் வரவியலாது.

1920களில் எழுந்த அந்த 207 கட்டடங்களில் பெரும்பாலானவை இப்பொழுது இடிக்கப்பட்டு உயர்மாடிகளாக மாற்றப்பட்டு வருகின்றன. வொர்லியில் புதிய வீடுகளை ஒப்படைக்கும் பணி 2025இல் தொடங்கியது. 160 சதுர அடியில் வாழ்ந்தோருக்குப் பெரிய வீடு கிடைப்பதைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், வீடு மாறும்போது முதலில் வெளியே எறியப்படுபவை பழைய நோட்டுகள். கானாவள்களின் வரவு எழுதிய பள்ளி நோட்டுகளும், வாணிகளின் பேரேடுகளும், ஊர் அறைகளின் சந்தாப் புத்தகங்களும் எந்த ஆவணக் காப்பகத்திலும் முறையாகச் சேர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. மராத்தி வாசிக்கத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவர் இன்னும் சில ஆண்டுகளுக்குள் அவற்றைத் தேடிச் செல்வாராயின், உண்டோரின் பெயர், நிலுவை, திரும்பிய நாள் ஆகியவற்றைக் கொண்டு 1982இன் கணக்கை அடுப்பின் பக்கத்திலிருந்து எழுத இயலும்.